செவிக்கினிய நகரம்

கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு இமை இல்லை. காண விரும்பாத காட்சி எதிர்ப்பட்டால் கண்ணை மூடிக்கொள்கிறோம். அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கேட்க விரும்பாத ஓசை எழுந்தாலோ, அதனை வாயிலிலேயே நிறுத்தி வைக்கும் கதவு ஒன்றை இயற்கை நம் செவிக்கு அமைக்கவில்லை. உடல் உறங்கும்போதும் செவி விழித்திருக்கிறது. காட்டிலும் மலையிலும் வாழ்ந்த பழங்கால மனிதனுக்கு இது பெரியதொரு காவலாக இருந்தது. இருளில் சருகு அசைந்தாலும் அவன் துள்ளி எழுந்தான். கொடிய விலங்கிடமிருந்து உயிர் தப்பினான். அந்தக் காவலே இன்று நகரத்தில் வாழும் மனிதனுக்குத் தொல்லையாக முடிந்திருக்கிறது. நள்ளிரவில் தெரு வழியே ஓடும் சரக்கு வண்டியால் வீட்டினுள் உறங்குபவனுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. எனினும் அவன் செவி அதனைக் கேட்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, உறக்கம் கலைகிறது.

நகரத்தின் அழகைப் பற்றிப் பேசுவோர் பலர். அகன்ற சாலைகள், நிழல் தரும் மரங்கள், ஓங்கிய கட்டடங்கள், பூங்காக்கள், ஒளி விளக்குகள் என்று அவர்கள் அடுக்கிக் கூறுவர். இவை யாவும் கண்ணுக்கு உரிய அழகுகள். செவிக்கு உரிய அழகு என்று ஒன்று நகரத்திற்கு உண்டா? அதனைத் திட்டமிட்டு அமைத்தல் இயலுமா? இயலுமாயின், அதனை அமைக்க வல்லவர் யார்? ஒலியை அளக்கத் தெரிந்த அறிவியலாரா? ஒலியை ஆளத் தெரிந்த கலைஞரா? இவ்வினாக்களுக்கு விடை தேடிய சில ஊர்களின் வரலாற்றை இனிக் காண்போம்.

முதலில் அறிவியலார் கூறுவதைக் கேட்போம். ஒலி என்பது அதிர்வினால் பிறப்பது. ஒரு பொருள் அதிரும்போது அதனைச் சூழ்ந்த காற்று நெருங்கியும் விலகியும் அலையாகப் பரவுகிறது. அவ்வலை நம் செவிப்பறையைத் தாக்கும்போது நாம் ஒலியை உணர்கிறோம். ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு டெசிபல் எனப்படும். தொலைபேசியை ஆக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பாரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. காதோடு காதாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 30 டெசிபல். இருவர் இயல்பாக உரையாடுவது ஏறத்தாழ 60 டெசிபல். வண்டிகள் நெருங்கி ஓடும் சாலையின் ஓரத்தில் எழும் ஓசை 70 முதல் 80 டெசிபல் வரை இருக்கும். அறுபதுக்கும் எண்பதுக்கும் உள்ள வேறுபாடு சிறியது என்று எண்ணிவிடலாகாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. 20 டெசிபல் கூடினால் அது நூறு மடங்கு ஆகிறது.

ஓயாத இரைச்சல் செவியை மட்டும் கெடுப்பதில்லை. அது உறக்கத்தைக் குலைக்கிறது. கற்கும் சிறுவரின் கருத்தைச் சிதறடிக்கிறது. இதய நோய்க்கும் துணை செய்கிறது. ஆதலின் உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளுக்கென வெளியிட்ட நெறிமுறைகளில், சாலைப் போக்குவரத்தின் ஓசை இரவில் 45 டெசிபலுக்குக் கீழே இருத்தல் வேண்டும் என்று கூறியது. நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு பற்றிய விதிகள் வகுக்கப்பெற்றன. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அவ்விதிகள் குறித்த எல்லையாகும்.

எல்லை வகுத்தல் இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. எனினும் அளவு ஒன்றே எல்லாம் ஆகிவிடுமா? பேரருவி ஒன்றின் அருகே ஒலிமானியை வைத்துப் பாருங்கள். பின்னர் அதே கருவியை நெடுஞ்சாலை ஓரத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடங்களிலும் கருவி ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஆயினும் அருவியை நாடி மக்கள் நெடுந்தொலைவு செல்கின்றனர். நெடுஞ்சாலையின் இரைச்சலிலிருந்து விலகி ஓடுகின்றனர். இரவில் குழாயிலிருந்து சொட்டும் நீர்த்துளி ஒலிமானியில் மிகச் சிறிய எண்ணையே காட்டும். உறக்கம் வாராத நோயாளிக்கோ அது சம்மட்டி அடியாகத் தோன்றும். ஒலி எவ்வளவு என்பதைக் கருவி சொல்லும். அது எத்தகையது என்பதைச் சொல்லாது. அது கேட்போர் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதையும் சொல்லாது.

இவ்விடத்தில்தான் கலைஞரின் துணை வேண்டியிருக்கிறது. ஓசைகளைத் தேர்ந்தெடுத்தல், அவற்றை இணைத்தல், ஓசைக்கு நடுவே அமைதியை வைத்தல் ஆகியவை இசைவாணரின் தொழில். ஆனால், கலைஞர் தனித்து நின்று ஒரு நகரத்தின் ஓசையைத் திருத்திவிடவும் இயலாது. சுவர் எவ்வளவு உயர்ந்தால் ஓசை எவ்வளவு தாழும், குழாய் எவ்வளவு நீண்டால் சுரம் எங்கே நிற்கும், நீரலைக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பவற்றை அவருக்குக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர் அறிவியலார். ஆகவே இரு திறத்தாரும் ஒருங்கு கூடுதல் வேண்டும். இவ்வுண்மையை உலகம் உணரும்படி செய்த பெருமை கனடா நாட்டு இசையமைப்பாளர் ஒருவரைச் சாரும்.

அவர் பெயர் மரே ஷேபர். 1933ஆம் ஆண்டில் பிறந்த அவர், வான்கூவர் நகரை அடுத்து 1965இல் தொடங்கப்பெற்ற சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணி ஏற்றார். வான்கூவர் மேலைக் கடற்கரையில் மலையும் கடலும் சூழ அமைந்த நகரம். அங்கும் வண்டிகளும் வானூர்திகளும் பெருகி வந்தன. ஷேபர் இரைச்சலின் தீமையை மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். ஆனால், 'இது கூடாது, அது கூடாது' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பெரும்பயன் விளையவில்லை என்பதை விரைவிலேயே கண்டார். தீய ஓசைகளை வெறுக்கக் கற்பிப்பதைவிட நல்ல ஓசைகளை விரும்பக் கற்பிப்பதே சிறந்த வழி என்று அவர் தெளிந்தார். எந்த ஓசைகளை நாம் காக்க விரும்புகிறோம், எவற்றை வளர்க்க விரும்புகிறோம் என்பதை முதலில் ஆராய வேண்டும் என்றார். ஓரிடத்தில் கேட்கும் ஓசைகள் அனைத்தையும் சேர்த்து 'ஒலிச்சூழல்' என்னும் பொருள்படும் சொல்லால் அவர் வழங்கினார். அச்சொல்லும் கருத்தும் அவரால் உலகெங்கும் பரவின.

ஷேபர் தம்மைச் சுற்றி ஒரு சிறு குழுவைத் திரட்டினார். இசையமைப்பாளர் சிலரும் ஆராய்ச்சியாளர் சிலரும் அதில் இருந்தனர். பின்னர் அக்குழுவில் சேர்ந்த பாரி துருவாக்ஸ் என்பவர் இயற்பியலும் கணிதமும் கற்றுத் தேர்ந்து, அதன் பின்பு இசையமைப்பாளர் ஆனவர். அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியையும் ஒலிமானியையும் தூக்கிக்கொண்டு நகரத்தின் தெருக்களிலும் துறைமுகத்திலும் பூங்காவிலும் நடந்தனர். நில அளவையார் ஒத்த உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துப் படம் வரைவர் அன்றோ? அதுபோல இவர்கள் ஒத்த அளவில் ஓசை கேட்கும் இடங்களைக் கோட்டால் இணைத்து, அந்நகரத்தின் ஸ்டான்லி பூங்காவிற்கு ஓர் ஒலிப்படம் வரைந்தனர். அதனைப் பார்த்தால் பூங்காவில் இரைச்சல் எதுவரை புகுகிறது, அமைதி எங்கே குடியிருக்கிறது என்பது விளங்கும்.

அவர்கள் கண்ட செய்திகளுள் ஒன்று சிந்திக்கத் தக்கது. தீயணைப்பு வண்டி தெருவில் செல்லும்போது மற்றவர் வழிவிடுவதற்காக ஓசை எழுப்புதல் வேண்டும். 1912ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய வண்டி ஒன்றில் ஊதுகருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அக்கருவியின் ஓசையை ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தொலைவில் நின்று அளந்தபோது 96 டெசிபல் வரை இருந்தது. 1970களில் வழங்கிய ஊதுகருவியின் ஓசையை அதே தொலைவில் நின்று அளந்தபோது 114 டெசிபல் இருந்தது. ஏன் இந்த உயர்வு? நகரத்தின் இரைச்சல் மிகுந்துவிட்டது. அதற்கு மேலே கேட்க வேண்டுமாயின் பழையதைவிட உரத்த கருவி வேண்டியதாயிற்று. அக்கருவியின் ஓசையோ நகரத்தின் இரைச்சலை மேலும் கூட்டியது. சந்தையில் ஒருவன் உரக்கக் கூவினால், அவன் பக்கத்தில் இருப்பவன் அவனைவிட உரக்கக் கூவுகிறான். முடிவில் எவன் குரலும் எவர் செவியிலும் விழுவதில்லை. நகரங்களின் கதையும் இதுவே.

ஆனால், உரத்த ஓசைகள் எல்லாம் தீயவை அல்ல என்பதையும் அக்குழுவினர் உணர்ந்திருந்தனர். ஸ்டான்லி பூங்காவில் ஒரு பழைய பீரங்கி உண்டு. 1894ஆம் ஆண்டு முதல் அது அங்கே இருந்து வருகிறது. நாள்தோறும் இரவு 9 மணிக்கு அது முழங்கும். அம்முழக்கம் கேட்டு நகர மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வர். 1967ஆம் ஆண்டு முதல் நண்பகலில் ஊதப்படும் பெருங்குழல்கள் கனடா நாட்டுப் பண்ணின் முதல் நான்கு சுரங்களை ஒலித்து வருகின்றன. இவை மெல்லிய ஓசைகள் அல்ல. எனினும் இவை ஒரு நொடியில் எழுந்து அடங்குபவை. குறித்த வேளையில் வருபவை. 'இது நம் ஊர்' என்னும் உணர்வைத் தருபவை. ஓர் ஊருக்கு அடையாளமாகக் கோபுரமோ கோட்டையோ இருப்பதுபோல, அடையாளமாக ஓர் ஓசையும் இருக்கக்கூடும். அத்தகைய ஓசையைக் காத்தல் ஊரார் கடமை என்றார் ஷேபர். 1973ஆம் ஆண்டில் அக்குழுவினர் வான்கூவரின் ஒலிச்சூழலைப் பற்றி ஒரு நூலையும் இசைத்தட்டுகளையும் வெளியிட்டனர். 1975இல் ஐரோப்பாவுக்குச் சென்று ஐந்து நாடுகளில் ஐந்து சிற்றூர்களின் ஓசைகளை ஆராய்ந்தனர். இவ்வாறு ஒரு புதிய துறைக்கு வித்திட்ட ஷேபர் 2021ஆம் ஆண்டில் மறைந்தார்.

செவி கொடுத்துக் கேட்பதற்கு வான்கூவர் வழி காட்டியது. கேட்டதை மாற்றி அமைக்கும் வேலை பின்னர் வேறு ஊர்களில் நடைபெற்றது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நார்த் ஆடம்ஸ் என்னும் சிறு நகரம் உண்டு. அதன் நடுவே ஒரு சாலை பாலத்தின் மீது செல்கிறது. பாலத்தின் கீழே நடப்போர்க்கு மேலே ஓடும் வண்டிகளின் உறுமல் ஓயாமல் கேட்கும். புரூஸ் ஆட்லண்டு, சாம் ஔவிங்கர் என்னும் ஒலிக்கலைஞர் இருவர் 1998ஆம் ஆண்டில் அப்பாலத்தின் இரு பக்கங்களிலும் பதினாறு அடி நீளமுள்ள குழாய் ஒவ்வொன்றைப் பொருத்தினர். புல்லாங்குழலின் நீளம் அதன் சுரத்தை வரையறுப்பது போல, இக்குழாய்களின் நீளமும் ஒரு சுரத்தை வரையறுத்தது. வண்டிகளின் குழம்பிய இரைச்சல் குழாயினுள் புகும்போது, அதிலுள்ள பல அதிர்வுகளுள் குழாய்க்கு இசைந்தவை மட்டும் ஓங்கின, மற்றவை அடங்கின. குழாயினுள் தேர்ந்தெடுத்த இடங்களில் வைத்த ஒலிவாங்கிகள் அவ்வொலியைப் பற்றி, பாலத்தின் கீழே இருந்த ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பின. மேலே உறுமல், கீழே தம்பூரின் ஆதார சுருதி போன்ற ஓர் இசை! பாலத்தின் அடியில் அஞ்சி விரைந்தவர்கள் நின்று கேட்கலாயினர். இங்கே கலைஞர் இயற்பியலின் விதி ஒன்றைக் கருவியாகக் கொண்டனர். அவ்விதி இல்லையேல் இவ்விசை இல்லை.

மனிதர் எழுப்பும் இரைச்சலைப் பண்படுத்தியது நார்த் ஆடம்ஸ். இயற்கையின் ஆற்றலைக் கொண்டே நகரத்திற்குப் புதியதோர் ஓசையைத் தந்தது மற்றோர் ஊர். அது குரோவேசியா நாட்டில் ஏட்ரியாட்டிக் கடலின் கரையில் உள்ள ஸதார் என்னும் பழம்பெரும் நகரம். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சினால் அந்நகரம் பெரிதும் அழிந்தது. போருக்குப் பின்னர் அதனை விரைந்து கட்டினர். கடற்கரை நெடுகிலும் அழகற்ற கான்கிரீட்டுச் சுவர் எழுந்தது. அலைகள் வந்து அச்சுவரில் மோதித் திரும்பின. மக்களும் அங்கே நிற்க விரும்பாமல் திரும்பினர். கடலோர நகரமாக இருந்தும் கடலோடு உறவு அற்றதாக அப்பகுதி கிடந்தது.

அந்தக் கரையைத் திருத்தி அமைக்கும் பணி நிக்கோலா பாஷிச் என்னும் கட்டடக் கலைஞரிடம் வந்தது. கடலையே பாடச் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். எண்ணம் அழகியது; நிறைவேற்றுவதோ எளிதன்று. கடலலை ஒரே அளவாக வருவதில்லை. ஒரு நாள் தவழ்ந்து வரும். ஒரு நாள் சீறி வரும். சிற்றலைக்கும் பேசி, பேரலைக்கும் உடையாமல் நிற்கும் ஓர் இசைக்கருவியை எவ்வாறு அமைப்பது? பாஷிச் பிறர் துணையை நாடினார். நீரின் இயக்கத்தை ஆராயும் பேராசிரியர் விளாதிமிர் அந்த்ரோச்செக் அலைகளின் போக்கைக் கணக்கிட்டு உதவினார். தேவாலயங்களுக்குக் குழலிசைக் கருவிகள் செய்யும் கைவினைஞர் ஊதல்களைச் செய்து தந்தனர். இவான் ஸ்தமாச் என்னும் ஒலியியல் அறிஞர் சுரங்களை வகுத்துச் சுருதி கூட்டினார். கட்டடக் கலை, நீரியல், கைத்தொழில், இசை என்னும் நான்கும் ஒரு படிக்கட்டில் வந்து சேர்ந்தன.

ஆம், பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு படிக்கட்டே. ஏறத்தாழ 70 மீட்டர் நீளத்திற்கு வெண்கற்படிகள் கடலுக்குள் இறங்குகின்றன. அப்படிகளின் அடியில் நீளத்திலும் பருமனிலும் வேறுபட்ட 35 குழாய்கள் மறைந்திருக்கின்றன. அலை வந்து குழாயின் கீழ்வாயில் புகும்போது உள்ளே இருக்கும் காற்று மேலே தள்ளப்படுகிறது. அக்காற்று ஊதலின் வழியே வெளியேறுகையில் சுரம் பிறக்கிறது. மேலே நடைபாதையின் கல்லில் அமைத்த துளைகள் வழியாக அச்சுரம் நம் செவியை வந்து அடைகிறது. குழாய்கள் ஐந்து ஐந்தாக ஏழு தொகுதிகளாய் அமைந்துள்ளன. எந்த அலை எந்தக் குழாயை எப்பொழுது ஊதும் என்று எவராலும் முன்னறிந்து கூற இயலாது. ஆயினும் எவை சேர்ந்து ஒலித்தாலும் ஒன்றோடொன்று இணங்கும்படி சுரங்கள் தேர்ந்து வைக்கப்பட்டுள்ளன. கடல் தன் விருப்பம்போல் பாடுகிறது. ஆனால், சுருதி பிறழ்வதில்லை. இதுவன்றோ அறிவின் கட்டுப்பாடும் கலையின் உரிமையும் கைகோத்து நிற்கும் காட்சி!

2005ஆம் ஆண்டில் இக்கடற்குழல் திறந்து வைக்கப்பெற்றது. மக்கள் விலகிச் சென்ற கரை, மக்கள் கூடும் கரையாயிற்று. மாலையில் முதியோரும் சிறுவரும் படிகளில் அமர்ந்து கதிரவன் மறைவதைக் கண்டும் கடலின் பாடலைக் கேட்டும் மகிழ்கின்றனர். மறு ஆண்டில் ஐரோப்பாவின் நகரப் பொதுவிடங்களுக்கு உரிய பரிசு இதனைத் தேடி வந்தது.

ஸதார் நகரத்திற்குக் கடல் கிடைத்தது. கடலும் இல்லை, அருவியும் இல்லை, நாற்புறமும் வண்டிகளே என்னும் நிலையில் உள்ள நகரம் என்ன செய்வது? இவ்வினாவுக்கு ஜெர்மனியின் தலைநகரமான பெர்லினில் ஒரு சிறு திடல் விடை தருகிறது. வெட்டிங் என்னும் பகுதியில் உள்ள அத்திடலின் பெயர் நௌயனர் திடல். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் நெருங்கி வாழும் பகுதி அது. திடலை ஒட்டிப் பெருஞ்சாலைகள் ஓடின. குழந்தைகள் விளையாடவும், முதியோர் அமர்ந்து பேசவும் வேறு இடம் அருகில் இல்லை. இருந்த இடத்திலோ, பேசுவது ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. மக்கள் அத்திடலை மெல்ல மெல்லக் கைவிட்டனர்.

இத்திடலைத் திருத்தும் முயற்சியில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிகிட்டே ஷுல்டே-போர்ட்காம்ப் என்னும் பெண் அறிஞர் முன்னின்றார். அவர் ஒலிமானியை எடுப்பதற்கு முன்னர் ஊர் மக்களை அழைத்தார். சிறுவரும் முதியவரும் அவருடன் திடலையும் தெருக்களையும் பேசாமல் சுற்றி நடந்தனர். குறித்த இடங்களில் நின்று செவி சாய்த்தனர். எந்த ஓசை துன்பம் தருகிறது, எது இன்பம் தருகிறது, எதை இங்கே கேட்க விரும்புகிறோம் என்பவற்றைத் தெரிவித்தனர். மனிதனின் இரு செவிகளும் கேட்பது போலவே பதிவு செய்யும் கருவியால் அவ்வோசைகள் பதிவு செய்யப்பட்டன. அங்கே நாள்தோறும் வாழ்பவரே அவ்விடத்தின் ஓசையை நன்கு அறிந்தவர் என்பது அவர் கொள்கை. நோயாளியைக் கேளாமல் மருத்துவர் மருந்து தருவதில்லை அன்றோ?

மக்கள் கூறியவற்றையும் கருவி கூறியவற்றையும் ஒப்பிட்டு, வடிவமைப்பாளர்கள் திட்டம் வகுத்தனர். சாலைப் பக்கத்தில் கம்பிக் கூடைகளில் கற்களை நிரப்பித் தாழ்ந்த சுவர் ஒன்றை எழுப்பினர். சுவருக்குப் பின்னால் அமர்ந்திருப்போரைச் சாலையின் ஓசை நேரே தாக்காமல் அது தடுத்தது. ஆயினும் இரைச்சல் முற்றிலும் அகலவில்லை. ஆகவே, மக்கள் விரும்பிக் கேட்ட பறவைகளின் ஒலியும் நீரின் ஒலியும் மெல்லக் கேட்கும்படி, இருக்கைகளோடு சேர்ந்த சிறு 'ஒலித்தீவு'கள் அமைக்கப்பெற்றன. உரத்த ஓசையை அதனினும் உரத்த ஓசையால் வெல்ல அவர்கள் முயலவில்லை. செவிக்கு அருகே ஓர் இனிய ஓசை மெல்ல எழுந்தால், தொலைவில் உள்ள இரைச்சலின் மேல் மனம் செல்வதில்லை என்னும் உண்மையையே பயன்படுத்தினர். கைவிடப்பட்ட திடலுக்கு மக்கள் மீண்டும் வந்தனர். 2012ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒலிச்சூழல் விருது இத்திடலுக்கு வழங்கப்பெற்றது.

இவ்வாறு பல நாடுகளில் நிகழ்ந்த முயற்சிகளின் பயனாக, அறிவியலாரின் கருத்திலும் ஒரு மாறுதல் உண்டாயிற்று. 2014ஆம் ஆண்டில் அனைத்துலகத் தரநிர்ணய அமைப்பு ஒலிச்சூழல் என்பதற்கு இலக்கணம் வகுத்தது. காற்றில் பரவும் ஓசைகள் மட்டும் ஒலிச்சூழல் ஆகமாட்டா. அவ்விடத்தில் வாழும் மனிதர் அவ்வோசைகளை உணர்ந்தும் பொருள் கண்டும் கொள்ளும் நிலையே ஒலிச்சூழல் என்பது அவ்விலக்கணத்தின் கருத்து. எண்களை மட்டும் நம்பியிருந்த துறை, மனிதன் செவியையும் உள்ளத்தையும் சான்றாக ஏற்றுக்கொண்டது. கலைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது இதுவே.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. இனிய ஓசை ஒன்றைச் சேர்த்துவிட்டால் இரைச்சலின் தீமை நீங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. அழுக்கு உடலின் மீது நறுமணம் பூசுவது குளிப்பதற்கு ஈடாகுமா? இரைச்சலை முதலில் அது பிறக்கும் இடத்திலேயே குறைத்தல் வேண்டும். குறைக்க முடியாததைத் தடுத்தல் வேண்டும். எஞ்சியதைப் பண்படுத்துதல் வேண்டும். இவற்றுள் முதல் இரண்டும் பெரும்பாலும் அறிவியலாரையும் ஆட்சியாளரையும் சார்ந்தவை. மூன்றாவது கலைஞரையும் சார்ந்தது. பெர்லினில் கற்சுவர் முதலில் எழுந்தது. பறவையின் ஒலி அதன் பின்னரே வந்தது. கடைகளிலும் அலுவலகங்களிலும் யாரும் வேண்டாமலே ஓயாது ஒலிக்கும் இசையை, இசையமைப்பாளராகிய ஷேபரே கண்டித்தார். கேட்பவன் விரும்பாதபோது நல்லிசையும் இரைச்சலே.

மாணவர்களே! நகரத்தை அமைக்கும் பொறுப்பு நாளை உங்கள் கைக்கு வரும். உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் இசையிலோ ஓவியத்திலோ சிறந்து விளங்குவீர்கள். எத்துறையில் இருப்பினும், பிறர் துறையை இகழாமல் அவரோடு சேர்ந்து பணி செய்யும் பண்பு வேண்டும். கடலைப் பாட வைத்தவர் ஒருவர் அல்லர். கட்டடக் கலைஞரும் நீரியல் அறிஞரும் ஊதல் செய்த தொழிலாளரும் சேர்ந்தே அதனைச் செய்தனர்.

அதற்கு முன், இன்றே நீங்கள் செய்யக்கூடிய சிறு பணி ஒன்று உண்டு. காலையிலோ மாலையிலோ உங்கள் தெருவில் கால் மணி நேரம் யாரோடும் பேசாமல் நடந்து பாருங்கள். உங்கள் செவியில் விழும் ஓசைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அவற்றுள் எது போக வேண்டும், எது இருக்க வேண்டும், எது மறைந்துவிட்டால் ஊர் வெறுமையாகத் தோன்றும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுப்பும் ஓசை பிறர் செவியில் எவ்வாறு விழும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். செவிக்கு இமை இல்லை என்று கண்டோம். பிறர் செவிக்கு இமையாக இருக்க வேண்டியது நம் நாகரிகமே.

பயிற்சி

1. ஒலிமானி கூறுவது யாது? அது கூறாதது யாது? எடுத்துக்காட்டுத் தருக.
2. தீயணைப்பு வண்டியின் பழைய ஊதுகருவியும் புதிய ஊதுகருவியும் நமக்கு உணர்த்தும் உண்மையை விளக்குக.
3. ஸதார் நகரத்துக் கடற்குழல் இசை எழுப்பும் முறையை உம் சொற்களில் எழுதுக.
4. பெர்லின் திடலைத் திருத்தியவர்கள் ஊர் மக்களை முதலில் கேட்டது ஏன்?
5. 'கேட்பவன் விரும்பாதபோது நல்லிசையும் இரைச்சலே' - இக்கருத்தை உம் பட்டறிவு கொண்டு விளக்கி ஒரு பத்தி வரைக.
6. உம் ஊருக்கு அடையாளமாக விளங்கும் ஓர் ஓசையைப் பற்றிக் கட்டுரை எழுதுக.